பேர் சொல்லாதவள்

செங்கத்துக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, புளியமரங்களுக்குப் பின்னால் இருந்தது வேதநாயகி அம்மாவின் குடில். அம்மா ஒரு காலத்தில் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். இப்போது மொட்டைத் தலையும் காவிச் சேலையும். சீடர் தணிகாசலத்துக்கு அம்மாவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூடுதல். சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு தனி வீட்டின் அமைதி பிடிக்காமல் இங்கே வந்து ஒட்டிக்கொண்டார்.

அம்மா மேடையேறிப் பேசுவதில்லை. கேட்கிறவர்கள் கேட்கட்டும், தெரிந்ததைச் சொல்வோம் என்பார். அதற்கென்று இணையத்தில் ஒரு குழு இருந்தது. அம்மா போனைத் தொடமாட்டார். சாயங்காலம் விளக்கேற்றியதும் தணிகாசலம் வந்த கேள்விகளை உரக்கப் படிப்பார். அம்மா சொல்லும் பதிலை அவரே தட்டிப் போடுவார்.

படிப்பதற்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. கேட்டவர் பெயரைப் படிக்கக் கூடாது.

"யாருன்னு தெரிஞ்சா பதில் அந்தப் பக்கம் சாஞ்சிடும் ஐயா. கேள்வியை மட்டும் குடுங்க."

தணிகாசலத்துக்கு இது ஒட்டவே இல்லை. பெயர், தகப்பன் பெயர், கைரேகை, இரண்டு சாட்சி இல்லாமல் ஒரு தாளைக்கூட வாங்காமல் உத்தியோகம் பார்த்த மனிதர் அவர். ஆனாலும் குரு சொல்லியாயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு படித்தார்.

குழுவை நடத்துகிறவருக்கும் தெரியாதபடி பெயரை மறைத்து எழுதலாம் என்று அங்கே ஒரு வசதி இருந்தது. அதனால் கேள்விகளோடு வசவும் வந்தது. அதையும் படிக்கச் சொல்வார் அம்மா.

"'மொட்டைச்சி, புருஷனை விட்டுட்டு ஓடி வந்தவ, நீ ஊருக்கு உபதேசம் பண்றியா?'"

"மொட்டை சரிதான். ஓடி வரலை, பஸ்ஸுல வந்தேன். அடுத்தது?"

அம்மா சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்துவிடுவார். தணிகாசலத்துக்குத்தான் சோறு இறங்காது. அப்படி ஒரு பாசம் அவருக்கு, அம்மாமேல்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் இப்படி ஒன்று வந்தது.

"'பெயர் கேட்காதீர்கள் அம்மா. என் வீட்டுக்காரரும் இந்தக் குழுவில் இருக்கிறார். அடி தாங்க முடியவில்லை. இருப்பதா, ஒரேயடியாகப் போய்விடுவதா என்று தெரியவில்லை.'"

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"போடுங்க ஐயா. 'எப்ப வேணும்னாலும் இங்க வா. கதவு சாத்தறதில்ல. வர்ற வரைக்கும் தினம் ஒரு வரி எனக்கு எழுது.'"

அன்றிலிருந்து தினமும் ஒரு வரி வந்தது. எல்லா நாளும் அதே வரிதான்.

"'அம்மா, இன்றைக்கும் இருந்துவிட்டேன்.'"

அம்மாவின் பதிலும் அதேதான். "நாளைக்கும் எழுது."

தணிகாசலத்துக்குச் சலித்துப் போயிற்று. "இதுல என்ன கேள்விம்மா இருக்கு?"

"கேள்வி இல்ல. ராத்திரி டியூட்டியில ஒவ்வொரு கட்டிலா நின்னு, மூச்சு வருதான்னு பாத்துட்டுப் போவோம். அது மாதிரி."

கார்த்திகை கடைசியில் வசவு அதிகமானது. அம்மாவின் வேலைக்காலத்துப் படம் ஒன்றை எங்கிருந்தோ எடுத்து, அதில் அசிங்கமாக ஏதோ வரைந்து போட்டிருந்தான் ஒரு பெயரில்லாதவன். அன்று தணிகாசலம் படிக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தார்.

"அம்மா, பேரை மறைச்சதும் மனுஷன் ஏன் மிருகமாயிடறான்?"

"பேரைச் சொன்னா மனுஷனாயிடுவானா?"

"ஆயிடுவான்மா. நாலு பேர் பாக்கறாங்கன்னா கூசும்ல? சொந்தப் பேர், சொந்தப் படம் இருந்தாத்தான் உள்ள விடுவோம்னு வச்சிடலாம்."

அம்மா விளக்குத் திரியைத் தூண்டினார். கையில் ஒட்டிய எண்ணெயைத் தலையில் தடவிக்கொண்டார்.

"அடுத்ததைப் படிங்க."

வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று தணிகாசலம் எடுத்துக்கொண்டார். நமக்கு வேண்டியதைக் காதில் வாங்கிக்கொள்ள நாம் எல்லோருமே கெட்டிக்காரர்கள்தான்.

மார்கழி பிறந்தது. மார்கழியில் அம்மா மௌனம். பின்னறைக்குள் போய்விட்டால் தை பிறந்துதான் வெளியே வருவார். கதவைச் சாத்துமுன் சொன்னார்.

"யாருக்கும் பதில் போட வேணாம். அந்தப் பொண்ணுக்கு மட்டும் 'நாளைக்கும் எழுது'ன்னு போடுங்க. கூட ஒரு வார்த்தை வேணாம், குறையவும் வேணாம்."

"சரிம்மா."

கொஞ்ச நாள் அப்படியேதான் போட்டார். இடையில் அவருக்கு ஒரு ஆசை. அம்மா வெளியே வரும்போது குழு துடைத்து வைத்த கூடம் போல இருக்க வேண்டும், ஒரு கெட்ட வார்த்தை கண்ணில் படக் கூடாது. அதைவிட என்ன காணிக்கை இருக்கிறது என்று நினைத்தார். வெள்ளிக்கிழமை முதல் பெயரும் ஊரும் படமும் இல்லாதவர்களுக்கு இடமில்லை என்று அறிவிப்பு எழுதினார். கீழே தன் பெயர், தன் படம், வகித்த பதவி எல்லாம் போட்டார். பாராட்டு குவிந்தது. வாழ்நாளில் அவரை அத்தனை பேர் பாராட்டியதில்லை. பாவம், அதுவும் உண்மை.

வியாழன் மாலை வழக்கம் போல அந்த வரி வந்தது. "அம்மா, இன்றைக்கும் இருந்துவிட்டேன்." உடனே அறிவிப்புக்குக் கீழே ஒருவர் கேட்டார். "ஐயா, சட்டம் எங்களுக்கு மட்டும்தானா? தினமும் 'இருந்துவிட்டேன்' என்று எழுதுகிறவருக்குக் கிடையாதா?"

தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது. ஒருத்திக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் மற்றவன் மதிப்பானா? நியாயம் என்றால் எல்லோருக்கும் நியாயம். அவள் வரிக்குக் கீழே, 'நாளைக்கும் எழுது' போடாமல், நாலைந்து வரி எழுதினார். எழுதி முடித்ததும் மனசு லேசாக இருந்தது. அதற்குக் கீழே மற்றவர்களும் எழுத ஆரம்பித்தார்கள். விடிந்ததும் பெயரில்லாதவர்களுக்கான வழியை அடைத்துவிட்டார்.

ஓரிரு நாள் குழு அமைதியாக இருந்தது. பிறகு ஒரு பெரியவர் எழுதினார். ஓய்வு பெற்ற பேராசிரியர், பெயர் மெய்யழகன். படத்தில் பேத்தி கல்யாணத்தில் கைகூப்பி நின்றிருந்தார். அம்மாவின் உடம்பைப் பற்றி, விட்டு வந்த புருஷனைப் பற்றி, இலக்கணம் பிசகாமல் பக்கம் பக்கமாக எழுதி, கடைசியில் போன் நம்பரையும் கொடுத்திருந்தார். அதைப் படித்துப் பெயரும் படமும் உள்ள பலர் கைதட்டினார்கள்.

தணிகாசலம் அந்த நம்பருக்கே போன் செய்தார்.

"ஐயா, படிச்சவங்க நீங்க. இப்படி எழுதலாங்களா?"

"ஏன் எழுதக் கூடாது? ஒளிஞ்சுகிட்டா எழுதினேன்? பேர் போட்டு, படம் போட்டு, நம்பர் குடுத்துல்ல எழுதியிருக்கேன்? நீங்கதானே அப்படி எழுதச் சொன்னீங்க?"

 கூசவேண்டிய மனிதர் குரலில் கூச்சமே இல்லை. பெயரில்லாத காலத்து வசவு ஒரு வரி, இரண்டு வரி. இப்போது வருவதெல்லாம் முத்திரை குத்தின மாதிரி நிமிர்ந்து நின்றது.

தை பிறந்தது. அம்மா வெளியே வந்தார். மௌனம் கலைக்க ஒரு டம்ளர் பால் காய்ச்சி வைத்திருந்தார் தணிகாசலம்.

அம்மாவின் முதல் பேச்சு, "அந்தப் பொண்ணு எழுதினாளா?"

"அம்மா, முதல்ல பாலைக் குடிங்க."

"எழுதினாளா ஐயா?"

தணிகாசலம் சொன்னார். அறிவிப்பைச் சொன்னார், வழியை அடைத்ததைச் சொன்னார், பேராசிரியரைச் சொன்னார். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை என்பதையும் சொன்னார். தான் எழுதிய நாலைந்து வரியை மட்டும் சொல்லவில்லை. அவருக்கு அது அப்போது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. பால் ஆறி ஆடை படிந்தது.

"வழியைத் திறங்க."

திறந்தார். அன்று சாயங்காலம் இருவரும் விளக்குப் பக்கத்தில் காத்திருந்தார்கள். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அம்மா அவள் முதன்முதலில் எழுதிய பதிவுக்குக் கீழே தினமும் "நாளைக்கும் எழுது" என்று போடச் சொன்னார். தணிகாசலம் போட்டார். கேணிக்குள் கல்லைப் போட்டுச் சத்தத்துக்குக் காத்திருப்பது போல இருந்தது அது. எந்த ஊர், எந்தத் தெரு, இளம்பெண்ணா, பிள்ளை பெற்றவளா, ஒன்றும் தெரியாது. பேப்பரில் எந்தப் பெண்ணின் சாவுச் செய்தியைப் பார்த்தாலும் தணிகாசலம் இப்போது அதைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

ஒரு மாலை பெயரில்லாத பதிவு ஒன்று வந்தது. தணிகாசலம் பதறிப்போய்த் திறந்தார்.

"'மொட்டைச்சி இன்னும் சாகலையா?'"

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வசவைப் பார்த்து அவருக்கு மகிழ்ச்சி வந்தது. வழி திறந்துதான் இருக்கிறது, ஆள் வர முடிகிறது. அவள் மட்டும்தான் வரவில்லை. அந்த மகிழ்ச்சி அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. பெரிய மனிதர் குழந்தை போல அழுதார்.

"பேர் தெரிஞ்சிருந்தா தேடிப் போயிருக்கலாமேம்மா."

அம்மா அவரைப் பார்த்தார். "பேர் கேட்டோம். அதனாலதான் போயிட்டா."

"நான் கேட்டதுக்காகப் போகலைம்மா. கீழ கண்டவனும் கண்டபடி எழுதியிருக்கான். அதுல எவனோதான் அவளை விரட்டியிருக்கான். யாருன்னு சொல்லுங்க, அவனை இன்னைக்கே வெளிய தள்றேன்."

"அவ கடைசியா எழுதினதுக்குக் கீழ என்னென்ன இருக்கு? படிங்க. கடைசியிலேர்ந்து மேல வாங்க."

தணிகாசலம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பழக்கம் விடவில்லை. பெயரை விட்டுவிட்டுப் படித்தார்.

"'நாடகக்காரி. கண்டுக்காம விட்டா தானா அடங்கிடுவா.'"

"யாரு எழுதினது?"

தணிகாசலம் நிமிர்ந்தார். இத்தனை காலத்தில் அம்மா பெயரைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"பேரைப் படிக்கக் கூடாதுன்னு…"

"இன்னைக்குப் பேரோட படிங்க."

"ஜெயந்தி ராஜசேகர், வேலூர்."

"மேல?"

"'பேர் சொல்ல முடியாத தொழில் எதுவோ பண்றா போல.' மெய்யழகன், ஓய்வு பெற்ற பேராசிரியர்."

"மேல?"

"'இருந்துட்டேன் இருந்துட்டேன்னு யாரை மிரட்டுறா? போறவ சொல்லிட்டா போவா?' விநாயகமூர்த்தி, போளூர்." படத்தில் அந்த ஆள் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு சிரித்தான். இவன்தான் அந்த வீட்டுக்காரனோ என்று தணிகாசலத்துக்கு ஒரு கணம் தோன்றியது. இவனாகவும் இருக்கலாம், எவனாகவும் இருக்கலாம்.

"மேல?"

"'சபாஷ் ஐயா. சரியான சவுக்கடி.' குமரகுருபரன், ஆரணி."

"யார் அடிச்ச சவுக்கடி?"

தணிகாசலம் போனை மடியில் இறக்கினார்.

"மேல படிங்க."

"மேல ஒண்ணுதாம்மா இருக்கு."

"படிங்க."

வெளியே புளியமரத்தில் காற்று நின்றிருந்தது. தணிகாசலம் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அறிவுரை என்று நினைத்து அவர் எழுதிய வரிகள் அப்படியே இருந்தன. எத்தனையோ பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். 

"'பெயரைச் சொல்லக்கூடத் தைரியம் இல்லாதவர்களுக்கு இங்கே என்ன வேலை? தினமும் இருந்துவிட்டேன், இருந்துவிட்டேன் என்று எழுதி அம்மாவின் இரக்கத்தைப் பிச்சை எடுப்பதும் ஒரு பிழைப்பா? இருக்கிறவர்கள் முகத்தைக் காட்டட்டும். இல்லாவிட்டால் நடையைக் கட்டட்டும்.'"

படித்துவிட்டு நிறுத்தினார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மா காத்திருந்தார். 

"பேரையும் படிங்க, ஐயா."