கல்லின் மேல் உட்கார்ந்த டம்ளர்கள்

ஒரு ஊரில் குவேக்கர் சபையார் கூடுகிற சின்ன வீடு ஒன்று இருந்தது. அங்கே பாதிரியாரும் கிடையாது, பாட்டும் கிடையாது. வட்டமாக உட்கார்ந்து பேசாமல் இருப்பார்கள். கடவுளின் வெளிச்சம் எல்லாருக்குள்ளும் இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. யாருக்காவது உள்ளேயிருந்து ஒரு வார்த்தை முட்டிக்கொண்டு வந்தால் எழுந்து சொல்வார்கள். மற்றவர்கள் அதை மனசில் ஊறவிடுவார்கள். கடைசியில் எல்லாருக்கும் டீ.

அந்த வீட்டு அடுக்களைச் சாமான்களுக்கும் இதே பழக்கம் தொற்றிக்கொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடத்தி என்ற பெண் முதல்முறையாக அங்கே வந்தாள். ஊர் டீக்கடையில் மற்றவர்களுக்கு உள்ளே கண்ணாடி டம்ளர், அவள் தெருக்காரர்களுக்குத் தனி டம்ளர். கடைக்கு வெளியே ஒரு கல்லின் மேல் இரண்டு அலுமினிய டம்ளர்கள் கவிழ்ந்திருக்கும். குடித்துவிட்டு அவர்களே கழுவி வைக்க வேண்டும். இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, மாடத்தி அதில் ஒன்றைக் கையோடு கொண்டுவந்துவிட்டாள். ஆனால் சபையார் அவளுக்கும் எவர்சில்வர் டம்ளரில்தான் டீ கொடுத்தார்கள். குடித்த சந்தோஷத்தில் கொண்டுவந்ததை அங்கேயே மறந்துவிட்டுப் போனாள்.

அலமாரியில் அலுமினிய டம்ளருக்கு உட்காரவே கூச்சமாக இருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் பளபளவென்று, மேலே பேர் வெட்டிய எவர்சில்வர்கள். அவன் மேல் வெறும் நெளிசல்தான்.

யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. 'இங்கயும் நம்மகூட யாரும் பேச மாட்டாங்க' என்று நினைத்து மெல்ல ஓரத்துக்கு நகர்ந்தான்.

"ஏலே, எங்க நழுவுற? விழுந்து இன்னொரு நெளிசல் வாங்கவா?" என்றாள் பக்கத்து டம்ளர். எஸ்தர்கனி என்பது அவள் மேல் வெட்டிய பேர்.

"நீங்க யாரும் பேசலையே அக்கா. அதான் எறங்கிப் போயிரலாம்னு..."

"அட கிறுக்கா! நீ பேசுவேன்னுதான் நாங்க வாயை மூடிக்கிட்டு இருக்கோம்."

அவன் திகைத்துப்போனான். தனக்காக ஒரு வீடே காத்திருக்கும் என்று அவன் கனவிலும் கண்டதில்லை.

"என் தம்பி இன்னும் அந்தக் கல்லு மேலதான் கெடக்கான். தனியா" என்றான்.

அடுப்பில் இருந்த கெட்டில் அண்ணாச்சிக்கு மூடி துள்ளியது. "இப்பவே போறேன்! கடைக்குள்ள இருக்கிற கண்ணாடிப் பயலுக தலையில கொதிக்கக் கொதிக்க ஊத்துறேன்!"

"கண்ணாடி ஒண்ணு விரிசல் விட்டாலும் பழி என் தம்பி மேலதான் விழும், அண்ணாச்சி. அதோட, அவங்களும் சூடு தாங்காம அழுவாங்கல்ல?"

கெட்டிலின் ஆவி கொஞ்சம் தணிந்தது.

"அப்போ தம்பியையும் இங்க கூட்டிட்டு வந்திருவோம்" என்றது சீனி டப்பா. எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. அலுமினிய டம்ளர் மட்டும் தலையாட்டவில்லை.

"நாளைக்கே அந்தக் கல்லுல வேற ஒருத்தனைக் கொண்டாந்து வச்சிருவாங்க" என்றவன், தன் குரல் தனித்து நிற்பதைக் கண்டு பயந்துபோனான். "நான் ஒருத்தன்தானே. என்னை விட்டுட்டு முடிவு பண்ணிக்கோங்க."

"இங்க கை தூக்கச் சொல்லித் தலையெண்ணுற வேலையெல்லாம் கெடையாதுப்பா. உனக்கும் மனசு ஒத்துவரணும். அதுவரைக்கும் காத்திருப்போம்" என்றாள் எஸ்தர்கனி.

காத்திருந்தார்கள். அடுப்புக் கங்கு அவிந்து, ஜன்னல் வெயில் சுவரேறிப் போகும்வரை காத்திருந்தார்கள்.

பிறகு அவன் சொன்னான்: "நான் திரும்பிப் போறேன். அவன் பக்கத்துல உக்காரப் போறேன்."

அப்புறம் எஸ்தர்கனி அலமாரியிலிருந்து இறங்கினாள். "சரி நட. நானும் வாரேன்." அவள் பின்னாலேயே மற்ற டம்ளர்களும் டங் டங்கென்று இறங்கின. "என்னையும் தூக்கிக்கோங்கடே!" என்றார் கெட்டில்.

மறுநாள் காலை டீக்கடைக்கு வெளியே கல் நிறைய டம்ளர்கள் உட்கார்ந்திருந்தன. கத்தவில்லை, யாரையும் திட்டவில்லை. சும்மா இருந்தன.

கடைக்குள்ளிருந்து கண்ணாடி டம்ளர்கள் கெக்கலித்தன. "எவர்சில்வரு, வெயில்ல காயப் போட்டாங்களா?"

பதில் இல்லை. அடுத்த நாளும் வந்தார்கள். அதற்கடுத்த நாளும் வந்தார்கள். திட்டு வந்தால் திருப்பித் திட்டலாம். இந்த அமைதியை என்ன செய்வது என்று கண்ணாடிகளுக்குப் புரியவில்லை. கேலி சுருங்கியது. பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே சங்கடமாகிப்போனது.

ஒரு காலையில் கண்ணாடி டம்ளர் ஒன்று படியிறங்கி வந்தது. கல்லுக்கு முன்னால் தயங்கி நின்றது.

"உங்களைப் பாத்துக்கிட்டே டீ பிடிக்க முடியலை. இங்கே... எனக்கு இடம் இருக்கா?"

எல்லாரும் தம்பியைப் பார்த்தார்கள். இதுவரை யாரும் அவனிடம் இடம் கேட்டதே இல்லை. அவன் அண்ணனை இடித்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்தான்.

"வாங்க" என்றான். "பாத்து உக்காருங்க, கல்லு சொரசொரப்பா இருக்கும்."