இரண்டாவது நம்பர்

குருவுக்கு இருபத்தொன்பது வயது. சீடருக்கு ஐம்பத்தொன்று.

குரு ஜெபக்கனி, ஃபைபர் இழைகளை ஒட்டுவதில் கெட்டிக்காரப் பெண். சீடர் இசக்கியப்பன், ஏரலில் இருபத்திரண்டு வருடமாகக் கேபிள் லைன் நடத்துகிறவர். இனி ஃபைபர்தான் என்று எல்லாரும் சொல்லவே, அதையும் கற்றுக்கொள்ள வந்திருந்தார். ஒயரைக் கண்டால் பல்லால் கடித்துத் தோலை உரிப்பது அவர் பழக்கம். முதல் நாள் கண்ணாடி இழையையும் வாய்க்குக் கொண்டுபோனார். குரு கையைத் தட்டிவிட்டார்.

"யம்மா, ஒண்ணு கேக்கேன். நம்ம கேபிள் நெட்டுல அப்படி என்ன குறை?"

குரு அடுத்த இழையை எடுத்து ஒட்ட ஆரம்பித்தார். இசக்கியப்பனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

வியாழக்கிழமை மாரிக்கனி வந்தார். இசக்கியப்பனின் கேபிள் நெட் வைத்திருப்பவர். பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் கிடையாது. நடந்ததைத் தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். சென்னையில் ஒரு நிறுவனம், வீட்டிலிருந்தபடியே வீடியோவில் சைகை மொழி சொல்லிக்கொடுக்க ஆள் எடுக்கிறது. இவர் எடுத்த மாதிரி வகுப்பைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். திரையில் கை அசையாமல் நிற்கிறதாம். சனிக்கிழமை இன்னொரு முறை பார்ப்பார்கள். அதுவும் போனால் வேலை இல்லை.

இசக்கியப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. குருவையும் கூட்டிக்கொண்டு நேரே மாரிக்கனி வீட்டுக்குப் போனார். செல்லை எடுத்து ஸ்பீடு பார்த்தார்.

"பாத்தியாம்மா? தொண்ணூத்தாறு!" செல் பைக்குள் போகப் பார்த்தது.

"இருங்கண்ணே. இன்னொரு நம்பர் வரும்."

"அதை நான் ஒருநாளும் பாத்ததில்லையே."

குரு அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது நம்பர் வந்தது. மூன்று.

"இது என்னம்மா?"

"முதல் நம்பர் வீட்டுக்குள்ள வர்றது. இது வீட்ல இருந்து வெளிய போறது. நீங்க ஆபீசுக்குப் போயி இவங்களுக்கு வீடியோ கால் போடுங்க."

அவருடைய ஆபீசில் போன மாதமே ஃபைபர் போட்டிருந்தார்கள். போய் கால் போட்டார். திரையில் மாரிக்கனி கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மடியில் கிடந்தது. நடுவில் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. மறுபடியும் தூக்கினார். மறுபடியும் நின்றது.

இசக்கியப்பன் திரும்பி வந்ததும் மாரிக்கனி ஒரு தாளை நீட்டினார்.

'உங்கள் முகம் நன்றாகத் தெரிந்தது. நான் சைகையில் கேட்டதற்கு ஏன் தலைகூட ஆட்டவில்லை?'

இரண்டு தரம் படித்தார். வெட்கமாக இருந்தது. "இத்தனை வருசமும் வீட்டுக்குள்ள வர்றதை மட்டுந்தானம்மா பாத்திருக்கேன்" என்றார்.

"நாளைக்கு ஃபைபர் இழுப்போம்ணே" என்றார் குரு.

வெள்ளிக்கிழமை இழுத்தார்கள். கடைசி ஒட்டு சீடரின் கையால். மூன்று தடவை சொதப்பி, நாலாவது தடவை சரியாக விழுந்தது.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு வகுப்பு. இருவரும் வாசலிலேயே நின்றார்கள். இசக்கியப்பன் டீ கூடக் குடிக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து மாரிக்கனி வெளியே வந்தார். இரண்டு கைகளையும் மேலே தூக்கி விரல்களைப் படபடவென்று ஆட்டினார். காது கேட்காதவர்கள் கை தட்டுவது அப்படித்தான். திங்கட்கிழமை முதல் வேலை.

இசக்கியப்பனும் கைகளைத் தூக்கி ஆட்டினார். கண் கலங்கிவிட்டது, துடைக்கக் கை காலியாக இல்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ரிட்டயர்ட் தாசில்தார், "எனக்கும் அந்த ஃபைபரே மாத்திருங்க" என்றார்.

"நெட்டுல என்ன சார் பாப்பீங்க?" என்று கேட்டார் குரு.

"நியூஸ், சீரியல், பழைய படம்."

"நிக்காம ஓடுதா?"

"ஜோரா ஓடுது."

"அப்ப கேபிளே இருக்கட்டும் சார்."

இசக்கியப்பனுக்குத் தலை சுற்றியது. தெருமுனை வரை பொறுத்துப் பார்த்தார், முடியவில்லை.

"யம்மா, அந்த வீட்டுக்கு ஃபைபர், இந்த வீட்டுக்குக் கேபிளா? அப்ப எதுதான் ஒசத்தி? இனிமே ஊர்ல எல்லாரும் என்னையத்தான் கேப்பாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்ணே. அவங்ககிட்ட கேளுங்க."

"என்னன்னு கேக்க?"

"நீங்க பாக்கணுமா, இல்ல, மத்தவங்க உங்களைப் பாக்கணுமான்னு கேளுங்க."