நரி கேட்டு வாங்கிய செல்போன்

புளியங்காட்டில் புலியார் ஓர் அலுவலகம் நடத்திவந்தார், பிள்ளைகளே. எந்தக் குளத்தில் தண்ணீர் இருக்கிறது, எந்தப் பக்கம் மழை பெய்தது என்று விசாரித்துச் சொல்வதுதான் அங்கே வேலை. அதற்காகப் பளபளவென்று ஒரு செல்போனை அணிலிடம் கொடுத்திருந்தார்.

அங்கேயே வேலை பார்த்த நரிக்கு வயிறு எரிந்தது. போன் ஒலிக்கும்போதெல்லாம் அணில் வாலைத் தூக்கிக்கொண்டு, "சொல்லுங்கள் ஐயா" என்று பேசும். நரிக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது.

"என்னை ஒருவரும் கூப்பிடுவதில்லையே! இந்த இத்தனூண்டு அணிலுக்கு வந்த வாழ்வைப் பார்!" என்று பொருமியது. பிடித்த நண்டுகூட அதற்கு ருசிக்கவில்லை.

அணிலிடம் ஒரு பழக்கம் உண்டு. பொழுது சாய்ந்ததும் போனை மரப்பொந்தில் போட்டுவிட்டு நாவற்பழம் தின்னப் போய்விடும். புலியார் திட்டினாலும் மறுநாள் அதையேதான் செய்யும். நரி அந்தக் குறையைப் பிடித்துக்கொண்டு புலியாரிடம் போனது.

"ஐயா, மாலையானால் உங்கள் போன் பொந்தில் கிடக்கிறது. என்னிடம் தாருங்கள். எப்போது கூப்பிட்டாலும் எடுப்பேன். தூங்கினாலும் எடுப்பேன்!"

"சொன்ன சொல் மாறக் கூடாது" என்றார் புலியார்.

போன் கைமாறியது. அணில் அழும் என்று நரி ஆசையாகக் காத்திருந்தது. அணிலோ சும்மா கொடுத்துவிட்டுப் போயிற்று.

நரி போனைக் காட்டிக்கொண்டே காடு முழுவதும் சுற்றியது. ஆனால் நண்டு பிடிக்கக் குனிந்தால் போன் ஒலித்தது. நண்டு ஓடிவிட்டது. கண் அயர்ந்தால், "கிழக்கே மழையா?" என்று புலியார் கேட்டார். போகப்போக, ஒலிக்காத போனும் ஒலிப்பதுபோல் கேட்டது. நரி இளைத்துப்போனது.

ஒரு மாலை நரிக் கூட்டம் ஊளையிடப் பாறையில் கூடியது. அதுதான் நம் நரிக்கு உயிர். தலையைத் தூக்கியது. போன் ஒலித்தது.

"அங்கே என்ன சத்தம்?" என்றார் புலியார்.

"ஒன்றுமில்லை ஐயா, சொல்லுங்கள்."

"நீ பேசிக்கொண்டிரு" என்று சொல்லிவிட்டு, மற்ற நரிகள் அடுத்த பாறைக்குப் போய்விட்டன.

நரிக்கு அழுகை வந்தது. அணிலிடம் ஓடியது. "அணிலண்ணே, இதை நீயே வைத்துக்கொள்!"

"நான் மாலையில் எடுக்க மாட்டேனே. தூங்கினாலும் எடுக்கிற ஆள்தான் இனி வேண்டும் என்று புலியார் சொல்லிவிட்டாராம்" என்றது அணில். பிறகு வாலால் முகத்தை மூடிக்கொண்டு கிளையில் தூங்கிப்போனது.

"என்ன தூக்கம் தூங்குகிறது பார்!" நரிக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.

போன் ஒலித்தது.

"சொல்லுங்கள் ஐயா" என்றது நரி.

நீதி: அடுத்தவர் கையில் மின்னும் பொருளுக்கு ஆசைப்படுபவர், அதிலுள்ள கட்டுப்பாட்டையும் சேர்த்தே கேட்டு வாங்குகிறார்.