நான்கு ஜாடி மால்வாசியா

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள், சிரிப்பையே மறந்துபோன ஒரு ராஜா இருந்தார். ராணி காலமாகி மூன்று மாதம். கடைசி நாட்களில் அவள் தொண்டையில் இறங்கியது இத்தாலிக் கப்பலில் வந்த ‘மால்வாசியா’ என்ற திராட்சை மது மட்டும்தான். அது வேண்டும், அதே ருசியில் வேண்டும் என்று ராஜா பிடிவாதம் பிடித்தார்.

அரண்மனைப் பண்டசாலை வைரவன் துறைமுகத்துக்கு ஓடினான். அந்தப் பெயரில் இருந்த நான்கு ஜாடிகளையும் வாங்கிவந்தான். ஒன்று இனித்தது. ஒன்று புளித்தது. ஒன்று நுரைத்தது. இன்னொன்று ரத்தச் சிவப்பு. ராணி குடித்தது அவற்றில் இல்லவே இல்லை.

“பெயர் ஒன்றாக இருந்து குணம் வேறானால் அது போலி, பிரபு,” என்றார் மந்திரி அகோரமூர்த்தி. “போலிக்குத் தண்டனை யானைக் காலடி.”

வைரவன் மேல் அவருக்கு என்ன கோபம்? ஒன்றுமில்லை. அவன் ராஜாவுக்குச் செல்லமான விகடகவி தாண்டவனின் தங்கை புருஷன், அவ்வளவுதான். தாண்டவனைத் தொட முடியாத வயிற்றெரிச்சலை அந்த அப்பாவி மேல் தீர்த்துக்கொண்டார் மனுஷர். துக்கத்தில் இருந்த ராஜாவும் தலையை ஆட்டிவிட்டார். மறுநாள் காலை என்று நாளும் குறித்தாயிற்று.

வீட்டு வாசலில் தங்கை காத்திருந்தாள். “அண்ணா, ஊரையே சிரிக்க வைக்கிறியே, என் வீட்டுக்காரரைக் காப்பாத்த உனக்கு ஒரு வார்த்தை வரலியா?”

தாண்டவன் நேரே துறைமுகத்துக்கு நடந்து, மால்வாசியா என்றால் என்ன என்று இத்தாலிக் கப்பல்காரனைக் கேட்டான்.

“அது திராட்சையின் பெயர், ஐயா,” என்றான் கப்பல்காரன். “எங்கள் தேசத்தில் மலைக்கு மலை ஒரு மால்வாசியா உண்டு. ஒன்றைப்போல் ஒன்று இருக்காது.”

விடிந்தது. யானை வந்து நின்றது. தாண்டவன் இரண்டு பேரைக் கூட்டிவந்தான். ஒருவன் கோயிலில் பூக்கட்டுகிறவன். மற்றவன் சங்கிலியோடு வந்த மாட்டுத் திருடன். அவனுக்காகச் சிறைக் காவலர் காலில் விழவேண்டியிருந்தது.

“யார் இவர்கள்?” என்றார் ராஜா.

“இவன் அகோரமூர்த்தி, மகாராஜா. இவனும் அகோரமூர்த்தி. பழைய தளபதியின் பேரப்பிள்ளைகள். அவருடைய மூன்று மகன்களும் நம் ஊர் வழக்கப்படி தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயரையே வைத்தார்கள். மூன்றாவது பேரன் தங்கள் வலப்பக்கம் நிற்கிறார். பெயர் ஒன்று, குணம் மூன்று. மந்திரியார் சட்டப்படி யானையை யார் பக்கம் ஓட்டச் சொல்கிறீர்கள்?”

மந்திரிக்கு வியர்த்துக் கொட்டியது. “வளர்ந்த இடம் வேறு, பிரபு...” என்று முனகினார்.

“ஜாடிகளும் அதைத்தான் சொல்கின்றன,” என்றான் தாண்டவன்.

ராஜா சிரித்துவிட்டார். வைரவனை அவிழ்க்கச் சொன்னார். கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தாண்டவனுக்குப் போட்டார். போட்ட கையை எடுக்காமல் மெதுவாகக் கேட்டார்:

“ராணியின் பெயரை இந்த ஊரில் எத்தனை பெண்களுக்கு வைத்திருக்கிறார்கள், தெரியுமா?”

“நிறைய, மகாராஜா.”

“ஒருத்திகூட அவள் இல்லை, தாண்டவா.”

ராஜா இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். தாடி நனைந்திருந்தது.