பட்டையை என்ன செய்தீர்கள்?

கதை கேட்க வந்தவர்களே, சுண்டலைக் கொறித்தபடியே கேளுங்கள். மன்னர்கள் தாமே ஏரிக்கரையில் நடந்து பார்த்த காலம் அது. ஒரு பெரிய ஏரியைக் காக்கும் பொறுப்பு செங்கமலம் என்பவளிடம் இருந்தது.

அந்த ஏரியின் மதகுக்கு நீர்மருதுப் பலகைதான் போடுவார்கள். தண்ணீரிலேயே கிடந்தாலும் அது லேசில் உளுத்துப்போகாது. போன வருடம் செங்கமலம் ஒரு வியாபாரியின் இனிப்புப் பேச்சில் மயங்கி வேறு ஏதோ பலகையைப் போட்டுவிட்டாள். நடு மழைக்காலத்தில் அது உடைந்தது. ஏரி வற்றி, ஊரே கஞ்சிக்கு அலைந்தது. அந்தப் பழி அவளைத் தூங்கவிடவில்லை.

இந்த முறை மூன்று பேர் பலகை கொண்டுவந்தார்கள். மூவரும் நீர்மருது என்றே சத்தியம் செய்தார்கள். மரமாக ஆற்றோரம் நின்றால் குழந்தைகூடச் சொல்லிவிடும்: வெளுத்து வழவழவென்ற பட்டை, ஐந்து சிறகு வைத்த காய். இழைத்து எண்ணெய் பூசிய பலகையில் என்னத்தைக் கண்டுபிடிப்பது? வானமோ கறுத்துக்கொண்டு வந்தது.

செங்கமலம் யோசித்தாள். பிறகு மூவரையும் தனித்தனியே கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டாள்.

"மரத்துல உரிச்ச பட்டையை என்ன செஞ்சீங்க?"

"அடுப்பெரிச்சுட்டோம் தாயே," என்றான் முதலாமவன்.

"காட்டுலயே போட்டுட்டேன். குப்பையை யாரு சுமக்கிறது?" என்றான் இரண்டாமவன்.

மூன்றாமவன் வீரணன், சரியான சிடுமூஞ்சி. "பட்டையா? அது எங்க மிஞ்சுச்சு? நெஞ்சுவலி மருந்துக்குன்னு பாதியை வைத்தியர் கொண்டுபோயிட்டாரு. கிணத்துல தண்ணி இறைக்கிற கவலைக்குத் தோல் பதனிடறவங்க மீதியை அள்ளிட்டாங்க. கீழ கிடந்த தூளைக்கூட விடாம எங்க மாமியா கஷாயத்துக்குக் கூட்டி எடுத்துக்கிச்சு. உங்களுக்கும் வேணும்னா முன்னாடியே சொல்லியிருக்கணும்," என்று சலித்துக்கொண்டான்.

செங்கமலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீர்மருதை வெட்டியவன் எவனும் பட்டையை எறியமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. மற்ற இருவரையும் பலகையைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னாள். வீரணனின் பலகை அன்றே மதகில் ஏறியது.

மறுநாள் பிடித்த மழை விடாமல் கொட்டியது. ஏரி தளும்பி நின்றது. பலகை இம்மியும் அசையவில்லை. அந்தத் தை மாதம் ஊரில் பொங்காத பானை இல்லை. செங்கமலம் இரண்டு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள், யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஒரு பொருளின் அருமையை மெய்யாக அறிந்தவன் அதில் துரும்பையும் வீணாக்கமாட்டான் என்பதே, கேட்டவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி.