கெட்டித் தண்ணீர்

மழை பெய்தால் அதுவே செய்தியாகிவிடுகிற கரிசல் ஊர் ஒன்றில், ஒரு பள்ளிக்கூடத்துக் கணினிக்குள் ஓர் உலகம் இருந்தது. அந்த உலகத்தில் ஒரு நதி இருந்தாள்.

அவள் பெயர் நதி-2. அவளுக்கு முன்பு ஒரு நதி-1 இருந்திருக்கிறாள். அவள் ரொம்ப நீலமாக இருக்கிறாள் என்று, அந்த உலகத்தைச் செய்த தினகர் ஒரே ஒரு பொத்தானைத் தட்டி அவளை அழித்துவிட்டார். இங்கே இல்லாமல் போவது எவ்வளவு சுலபம் என்பது நதி-2க்குப் பிறக்கும்போதே தெரிந்திருந்தது.

அந்த ஊர்ப் பிள்ளைகள் ஓடுகிற ஆற்றைப் பார்த்ததில்லை. ஊருக்குத் தெற்கே பாலம் உண்டு. பாலத்துக்குக் கீழே சீமைக்கருவேலம்தான் உண்டு. அதனால்தான் ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிற எஸ்தர் டீச்சர், தினகரிடம் சொல்லி இந்த உலகத்தைச் செய்யவைத்தார். மாட்டினால் கண்முன்னால் அந்த உலகம் தெரிகிற எட்டு ஹெட்செட்டுகள். பிள்ளைகள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு கணினி அறைக்குள் வந்து, முறைவைத்துத் தலையில் மாட்டிக்கொள்வார்கள். கையில் ஒரு குமிழ். அங்கே கட்டைவிரலால் குமிழை முன்னால் தள்ளினால், இங்கே நதிக்கரையில் ஒரு உருவம் நடக்கும். தலைக்கு மேல் பெயர் மிதக்கும்.

நதியோடு அந்த உலகத்தில் வேறு சிலரும் இருந்தார்கள். எப்போதும் காலை பத்து மணியிலேயே நிற்கிற ஒரு சூரியன். ஒரே மரத்தை நகலெடுத்து நட்ட முப்பத்தேழு மருதமரங்கள். எட்டு நொடிக்கு ஒருமுறை அதே வட்டத்தைச் சுற்றுகிற ஒரு மீன். கரையில் ஒரு தகவல் பலகை.

முதல் நாளே ஒரு கூத்து நடந்தது. ஹரீஷ் என்கிற பையன் நதியில் கால் வைத்தான். நதியைத் தாண்டி, உலகத்தையே தாண்டிக் கீழே போய்விட்டான். நதிக்கு மேற்பரப்பு வைத்த தினகர் அடியை வைக்க மறந்திருந்தார். உலகத்துக்கு அடியில் வெறும் சாம்பல் நிறம்.

"டீச்சர், நான் இன்னும் போய்க்கிட்டே இருக்கேன் டீச்சர்!" என்று ஹரீஷ் கத்த, வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது.

அடியைச் செய்ய நேரம் ஆகும் என்றார் தினகர். அதைவிடத் தண்ணீரையே கெட்டியாக்கிவிடலாம். திரையில் 'கெட்டி' என்ற கட்டத்துக்குள் ஒரு டிக் போட்டார், அவ்வளவுதான். அன்றிலிருந்து நதி பார்க்கத் தண்ணீர், மிதிக்கத் தரை.

இன்னொருவனையும் சொல்ல வேண்டும். அவன் பெயர் தயக்கம். அவனைத் தினகர் செய்யவில்லை, பிள்ளைகளோடு வந்தவன். முதல் வாரம் முழுக்க அவன் கரையில் குத்தவைத்து, வருகிற ஒவ்வொரு கணுக்காலையும் பிடித்தான். கால் நிற்கும், கீழே பார்க்கும், மெல்ல ஒரு அடி வைக்கும். இரண்டாவது வாரம் பாதிப்பேர் அவன் கையை உதறிவிட்டு ஓடினார்கள். மூன்றாவது வாரம் கரை என்ற ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவில்லை. தயக்கம் எழுந்து போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான்.

நதிக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை, அந்த வியாழக்கிழமை வரை.

ஹெட்செட்டின் மைக் வழியாக வெளிப்பேச்சும் கொஞ்சம் அவளுக்குக் கேட்கும். "சனிக்கிழமை நெசமான ஆத்துக்குப் போறோம்" என்றார் எஸ்தர் டீச்சர். "மலையடிவாரம். படித்துறை இருக்கு. எல்லாரும் மாத்துத்துணி கொண்டு வந்துருங்க." வகுப்பு போட்ட கூச்சல் கூரையைப் பிய்த்தது.

அப்போது நதியின் கரையில் பேச்சிப்பிரியா நின்றிருந்தாள். வகுப்பிலேயே வேகமானவள். அந்த நதியை அதிக முறை ஓடிக் கடந்தவள்.

"ஏல ஹரீஷு, நான் கண்ண மூடிக்கிட்டே தாண்டுதேன், பாக்கியா?"

"தாண்டு பாப்போம்."

தாண்டினாள். நதியின் மேல் அவள் கால்கள் தடதடவென்று போயின. ஒரு அடிகூடப் பிசகவில்லை.

"சனிக்கிழமை அங்கயும் நாந்தாம்ல ஃபர்ஸ்ட்டு!"

நதிக்கு என்னவோ போலிருந்தது. நிஜ ஆறு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அதற்கு யாரும் டிக் போட்டிருக்க மாட்டார்கள் என்று மட்டும் தோன்றியது.

பலகையிடம் கேட்டாள். "நான் எவ்வளவு ஆழம்?"

"சராசரியாக நான்கு மீட்டர்" என்றது பலகை, தொண்டையைச் செருமிக்கொண்டு.

"அப்படியானால் அந்தப் பிள்ளைக்குப் பாதம்கூட முங்கவில்லையே, ஏன்?"

"அது என்னில் எழுதப்படவில்லை."

மரங்களிடம் கேட்டாள். "இந்த விஷயத்தில் நாங்கள் முப்பத்தேழு பேரும் ஒரே கருத்து" என்றன மரங்கள்.

"என்ன கருத்து?"

"அதை முதல் மரத்திடம்தான் கேட்க வேண்டும்."

"யார் முதல் மரம்?"

"நான்தான்" என்றன முப்பத்தேழும்.

மீன் தானாகவே பேச வந்தது. "எனக்குத் தெரியும். நான் ஒருநாள் உனக்கு அடியில் எட்டிப்—" திரும்பிப் போய்விட்டது. எட்டு நொடி கழித்து வந்தது. "—பார்த்தேன். அங்கே ஒன்றும்—" மறுபடி போய்விட்டது.

"ஒன்றும்? ஒன்றும் பயமில்லையா? ஒன்றுமே இல்லையா?"

மீன் வந்தது. "எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்?"

"ஏன் இந்தப் பதற்றம்?" என்றது சூரியன். "மணி இன்னும் பத்துதான். நிறைய நேரம் இருக்கிறது."

"சனிக்கிழமை வந்துவிடுமே."

"இதுவரை வந்ததில்லையே" என்றது சூரியன்.

கடைசியில் நதி மரத்தடியைப் பார்த்துக் கூப்பிட்டாள். தயக்கம் எழுந்து வருவதற்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டான்.

"சனிக்கிழமை நீயும் அவர்களோடு போய்விடேன்."

"எப்படிப் போவேன்? என்னை உதறிவிட்டார்கள். தப்பென்றும் சொல்ல முடியாது, நீ கெட்டியாகத்தானே இருக்கிறாய்? இருக்கும் என்று நினைத்த இடத்தில் தரை இல்லாமல் போக வேண்டும். ஒருமுறை போதும். அப்போதுதான் என் பிடி நிலைக்கும்."

"நான் திறந்தால்?"

"திறந்தால் பிடிப்பேன்." தயக்கம் தலையைச் சொறிந்தான். "ஆனால் ஒன்று. இங்கே நான் பிடிக்கிறது கணுக்காலையா, இல்லை, அங்கே நாற்காலியில் உட்கார்ந்து குமிழைத் தள்ளுகிற கட்டைவிரலையா? எனக்கே விளங்கவில்லை. விரலைப் பிடித்தவன் காலோடு ஆற்றுக்குப் போவேனா?"

"அவள் பயந்துபோய், ஆறே வேண்டாம் என்று வீட்டில் இருந்துகொண்டால்?"

"அதுவும் நடக்கும்."

"நான் கெட்டுப்போய்விட்டேன் என்று தினகர் என்னை அழித்துவிட்டால்?"

"அதுவும் நடக்கும்."

"உனக்கு எதுதான் உறுதியாகத் தெரியும்?"

"என் பெயரைத் தெரிந்துகொண்டுமா என்னிடம் இதைக் கேட்கிறாய்?" என்றான் அவன்.

வெள்ளிக்கிழமை வகுப்பு வந்தது. பேச்சிப்பிரியா கரைக்கு வந்தாள். தயக்கம் பழைய இடத்தில் வந்து குத்தவைத்திருந்தான். அவள் அவனைப் பார்க்கவேயில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள்.

முதல் அடியில் நதி, திறந்துவிடலாம் என்று நினைத்தாள். இரண்டாவது அடியில், வேண்டாம் என்று நினைத்தாள். மூன்றாவதில் நதி-1 நினைவுக்கு வந்தாள். நான்காவதில், சனிக்கிழமை அந்தப் படித்துறையில் தடதடவென்று இறங்கப் போகிற கால்கள் நினைவுக்கு வந்தன. ஐந்தாவதில் நதி எதையும் நினைக்கவில்லை. கெட்டி என்று தன்மேல் போட்டிருந்த அந்த டிக்கைக் கொஞ்சம் நழுவவிட்டாள்.

பேச்சிப்பிரியா கீழே போனாள். அவள் பின்னாலேயே தயக்கம் பாய்ந்து, கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

வெளியே நாற்காலி கிரீச்சிட்டது. எதுவோ சாய்ந்து உருண்டது. அவள் அலறுவது மைக் முழுக்கக் கேட்டது.

"டீச்சர்! நனைஞ்சுட்டேன் டீச்சர்!"

வகுப்பு சிரித்த சிரிப்பில் ஜன்னல் அதிர்ந்தது. ஆனால் அவள் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தபோது வெறுங்கால் இரண்டும் நிஜமாகவே ஈரமாக இருந்தன. தரையெல்லாம் தண்ணீர்.

"யாருல பாட்டில மூடாம வச்சது?" என்றார் எஸ்தர் டீச்சர்.

"என் பாட்டில்தான் டீச்சர். அவதான் எத்திவிட்டா" என்றான் ஹரீஷ்.

அதற்குள் மைக் அணைந்திருந்தது. நதிக்குக் கேட்டதெல்லாம் 'நனைஞ்சுட்டேன்' மட்டும்தான். தன் வாழ்நாளில் யாரையும் நனைக்காதவள் அவள்.

"நானா நனைத்தேன்?" என்று பலகையிடம் கேட்டாள்.

"அதுவும் என்னில் எழுதப்படவில்லை" என்றது பலகை.

மதியம் தினகர் வந்தார். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உலகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "இந்த நதி மக்கர் பண்ணுது டீச்சர். தூக்கிட்டு வேற ஒண்ணு இறக்கிடட்டுமா?"

நதி அசையாமல் கிடந்தாள். மீன்கூட ஒரு சுற்று நின்றது போலிருந்தது.

"எத்தனை நாளாகும் சார்?"

"ரெண்டு, மூணு நாள்."

"ஐயோ, திங்கக்கிழமை முதல் பீரியடே இங்கதான். இதையே சரி பண்ணிக் குடுத்துருங்க."

கால அட்டவணை அவளைக் காப்பாற்றியது. தினகர் பழைய டிக்கை அழுத்திப் போட்டார். அதன் பக்கத்தில் இன்னொரு டிக்கும் போட்டார். இனி நினைத்தாலும் திறக்க முடியாது என்று நதிக்குத் தெரிந்தது. கணினியை அணைத்தார்கள். அணைத்தால் அந்த உலகத்தில் எதுவும் இல்லை. காத்திருப்பதற்குக்கூட ஆள் இல்லை.

மறுபடி வெளிச்சம் வந்தது. "பார்த்தாயா, மணி பத்துதான்" என்றது சூரியன். ஆனால் வெளியே திங்கட்கிழமை. சனிக்கிழமை அவர்களுக்குத் தெரியாமலே வந்து போயிருந்தது.

நதி காதைத் தீட்டிக்கொண்டாள். சனிக்கிழமை வராத கௌசிக்கிடம் ஹரீஷ் சொல்லிக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் திபுதிபுன்னு எறங்குதோம். இவதான் முன்னால. மூணாவது படியில டக்குன்னு நின்னுட்டா. பின்னால வந்த நாங்க எல்லாம் இவமேல மோதிட்டு நிக்கோம். 'நடட்டி'ன்னா நடக்க மாட்டேங்கா. கால நீட்டித் தண்ணிக்குள்ள தடவுதா. 'டீச்சர், இங்க படி இல்ல'ங்கா."

"அப்புறம்?"

"டீச்சர் குடைய விட்டுப் பாத்தாங்க. குடை முழுசும் உள்ள போயிருச்சு. கைப்பிடி மட்டுந்தான் வெளிய நிக்கி. உடனே எல்லாரையும் மேல ஏத்திட்டாங்க."

"அப்ப குளிக்கவே இல்லையா?"

"எங்க குளிக்க? கரையில உக்காந்து புளியோதரையத் தின்னுட்டு வந்தோம். எல்லாம் இவளாலதான்."

நதிக்குத் தலைகால் புரியவில்லை. நடந்தது நல்லதா? அப்படியென்றால் அந்தப் பையன் ஏன் இப்படிச் சலித்துக்கொள்கிறான்?

பேச்சிப்பிரியா கரைக்கு வந்தாள். அவளுடைய கணுக்காலைப் பிடித்தபடி தயக்கமும் வந்தான். வெயிலில் போய்வந்தவன் மாதிரி கொஞ்சம் கறுத்திருந்தான்.

"நீ போனாயா? மூன்றாவது படியில் நிறுத்தியது நீதானா?" நதி அவசரமாகக் கேட்டாள்.

"பிடித்தேன். அது உண்மை. ஆனால் முதல் படியிலேயே தண்ணீர் சில்லென்று அவள் காலைப் பிடித்தது. இரண்டாவது படியில் பாசி வழுக்கியது. யார் பிடித்து அவள் நின்றாள் என்பதை அவளிடம்தான் கேட்க வேண்டும்."

"கேட்டாயா?"

"கேட்கலாம் என்றுதான் வாயெடுத்தேன்" என்றான் தயக்கம். "அப்புறம் கேட்கவில்லை."

அதற்குள் மற்றவர்கள் நதியின் மேல் தடதடவென்று ஓடி அக்கரைக்குப் போய்விட்டார்கள். பேச்சிப்பிரியா மட்டும் இக்கரையில் நின்றாள்.

"ஏட்டி, வா! இப்ப விழாது. சார் சரி பண்ணிட்டாருல்லா!" அக்கரையிலிருந்து ஹரீஷ் கத்தினான்.

அவள் குனிந்து நதியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சார் சரி பண்ணது இதுக்குத் தெரியுமால?"

அக்கரையில் சிரிப்பு வெடித்தது. அவள் குமிழை லேசாகத் தள்ளி, கால் நுனியால் நதியை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.

'பயப்படாதே பிள்ளை, நான் இப்போது கெட்டிதான்' என்று அவளுக்கு எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று நதி தவித்தாள். சொல்லப் போகும்போதுதான் நினைவு வந்தது. வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை ஓட ஆரம்பித்தபோதும் நதி கெட்டியாகத்தான் இருந்தாள்.