மறுபக்கத்திலிருந்து கேட்ட ஆட்டம்

கபடி என்பது அணிக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டம் என்றொரு கருத்து மக்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. படித்தவர்களும் இதற்கு விலக்கில்லை. மிகுந்த வருத்தத்துடன் இதை மறுக்க வேண்டியிருக்கிறது.

ஏழு பேர் களத்தில் நிற்கிறார்கள், அவ்வளவுதான். ஆட்டத்தை ஆடுகிறவர்கள் கேலரியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மூச்சு வாங்குவதில்லை. கால் சுளுக்குவதில்லை. தவறும் நேர்வதில்லை.

கொற்றையூரில் அப்படிப்பட்டவர்கள் முந்நூறு பேர் இருந்தார்கள். அவர்களில் முதன்மையானவர் சிற்றம்பலம். மின்சார அலுவலகத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் மடத்துச் சீடர், மாலையில் கபடி ரசிகர்.

மடத்தின் தலைவி மங்கையம்மை அவரைவிட இருபது வயது இளையவர். குரு என்றால் நரைத்த தாடி இருக்கும் என்ற நம்பிக்கையையும் இந்த இடத்திலேயே கைவிட்டுவிடுவது நல்லது.

ஒரு வியாழக்கிழமை காலை சிற்றம்பலம் குருவின் முன் வந்து உட்கார்ந்தார். அவர் கேட்க வந்தது ஞானம் அல்ல.

"அம்மா, தனுஷ்கோடியை மாத்தணும்."

தனுஷ்கோடி, மடம் நடத்தும் கல்லூரியின் கபடிப் பயிற்சியாளர். தற்காலிக வேலை. பிள்ளைகளை இந்த ஊர்ப் பள்ளியில் சேர்த்துக் குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மங்கையம்மை ஒரு வார்த்தை சொன்னால் மறுநாள் அவருக்கு வேலை இருக்காது.

"என்ன செஞ்சார்?"

"வரிசையா தோக்கறோம். பசங்க நல்ல பசங்கம்மா. இவர் அனுப்பற ஆட்டம்தான் சரியில்ல."

எதிரணிப் பக்கம் மூச்சைப் பிடித்துப் பாடிக்கொண்டு போகிறவனை ரெய்டர் என்பார்கள். அவன் கிளம்பும் முன் தனுஷ்கோடி களத்துக்கு வெளியே நின்று ஒரு சைகை காட்டுவார். துண்டு தோளுக்குப் போனால், எதிர்ப்பக்கம் உள்ளே தள்ளிப் போட்டிருக்கும் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்து ஒரு புள்ளியோடு வர வேண்டும். கை காதுக்குப் போனால், இடது மூலையில் நிற்பவனைத் தொட வேண்டும். வாயால் சொன்னால் எதிரணிக்குக் கேட்டுவிடும் என்பதற்காக இந்த ஏற்பாடு.

"எல்லாம் முன்னாடியே தெரிஞ்சுடுதும்மா," என்றார் சிற்றம்பலம். "துண்டுன்னா போனஸ். காதுன்னா மூலை. தினம் சாயங்காலம் பயிற்சி பாக்கறேன், வேற ஒண்ணுமில்ல. நான் ஜென்மத்துல கபடி ஆடினதில்ல. எனக்கே தெரியுதுன்னா எதிர்ல நிக்கறவனுக்குத் தெரியாதா?"

குரு மைதானத்துப் பக்கம் திரும்பினார்.

"போன மேட்ச் நான் பாக்கல. இங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன்."

மடத்துக்கும் மைதானத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

"எனக்கும் முன்னாடியே தெரிஞ்சுது," என்றார்.

சிற்றம்பலத்தின் முகம் மலர்ந்தது.

"பாருங்கம்மா. சுவத்துக்கு இந்தப் பக்கம் இருந்த உங்களுக்கே தெரிஞ்சிருக்கு. இதைவிட என்ன வேணும்."

"வாஸ்தவம்தான்," என்றார் குரு. "சனிக்கிழமை மேட்ச் இருக்கில்ல?"

"இருக்கும்மா."

"அன்னிக்கு நீங்க அந்தப் பக்கம் உட்காருங்க. எதிரணி பெஞ்சுக்குப் பின்னாடி."

"எதுக்கும்மா?"

"நம்ம பக்கம் வெயில்."

"மேட்ச் அஞ்சு மணிக்கும்மா."

"அஞ்சு மணிக்கும் வெயில்தான்."

"சரிம்மா. தனுஷ்கோடி விஷயம்?"

"மேட்ச் முடிஞ்சதும் வந்து சொல்லுங்க. நீங்க சொல்றபடியே செஞ்சுடறேன்."

அன்று மாலை பயிற்சி நேரத்தில் கேலரியில் செய்தி பரவியது.

செல்போன் கடை லூர்து அப்போது சூடாக இருந்தார். "போன மேட்ச்ல பாருங்க, ரெண்டு ரெய்டு வெறுங்கையோட வந்தாச்சு. மூணாவதுல புள்ளி எடுக்கலைன்னா ஆள் வெளிய போகணும். அந்த நேரத்துல போய் போனஸ் எடுன்னு சொல்றாரே, இவரெல்லாம் ஒரு கோச்சா?"

"பின்ன யாரை அனுப்பணும்? உன் மச்சானையா?" என்றார் தையற்கடை இப்ராகிம்.

"என் மச்சான் போயிருந்தா ஒருத்தனையாவது தொட்டிருப்பான்."

"உன் மச்சானா? பந்தியில அவன் இலையைத் தொடறதுக்குள்ள சாம்பார் தீந்துடும்."

"நீ தைக்கற சட்டையில கையே நுழையாது, நீ கபடி பேசற." லூர்து இந்தப் பக்கம் திரும்பினார். "மாமா, அம்மா என்னதான் சொன்னாங்க?"

"என் முடிவுதானாம்," என்றார் சிற்றம்பலம்.

"அப்ப முடிஞ்சுது. சாமான் கட்ட அட்டைப்பெட்டி என் கடையில கிடக்கு. அவருக்குக் கொடுத்துடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். சிற்றம்பலமும் சிரித்தார்.

சனிக்கிழமை அவர் எதிரணி பெஞ்சுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். முன்னால் எதிரணிப் பயிற்சியாளர் நின்றிருந்தார். பருத்த மனிதர், கையில் வேர்க்கடலைப் பொட்டலம்.

ஆட்டம் தொடங்கியது. அந்த மனிதர் களத்தைப் பார்க்கவில்லை. தனுஷ்கோடியையும் பார்க்கவில்லை. எதிரே இருந்த கேலரிப் பக்கம் முகத்தைத் திருப்பி, காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்துக்கொண்டிருந்தார்.

தனுஷ்கோடியின் துண்டு தோளுக்குப் போனது.

"மூலைடா, மூலை," என்றது லூர்துவின் குரல்.

"யோவ், போனஸ்யா," என்றது இப்ராகிமின் குரல்.

"சும்மா தொட்டுட்டு ஓடி வந்துடுவான் பாரு," என்றது மூன்றாவது குரல்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாட்களில்கூட அவர்கள் பேசியது சிற்றம்பலத்துக்கு இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை.

எதிரணிப் பயிற்சியாளர் உச்சுக்கொட்டினார். தம் பையன்களுக்குச் சைகை காட்டப் போன கையை இறக்கிக்கொண்டார். ரெய்டர் போனஸ் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனான்.

"என்ன சார் இது," என்று பின்னால் திரும்பிச் சிற்றம்பலத்திடம் குறைபட்டுக்கொண்டார். "இன்னிக்கு ஆளுக்கொண்ணு சொல்றானுங்க."

சிற்றம்பலம் புருவத்தை உயர்த்தினார்.

"அந்தக் கேலரிக்காரங்கதான் சார். கடலை எடுத்துக்குங்க. போன தடவை இங்க வந்தப்ப பன்னெண்டு புள்ளி வித்தியாசத்துல ஜெயிச்சோம். என் திறமைன்னு காலேஜ்ல சொல்லி வெச்சிருக்கேன். உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, எல்லாம் அவங்க போட்ட பிச்சை."

சிற்றம்பலம் கடலையை வாங்கிக்கொண்டார்.

"அங்க கனமா ஒரு குரல் இருக்கும், சார் கேட்டிருக்கீங்களா? ரெய்டர் கோட்டைத் தாண்டறதுக்கு முன்னாடியே என்ன வரப்போகுதுன்னு சொல்லிடுவார். ஒரு தடவைகூடத் தப்பினதில்ல. மத்தவங்க அவர் சொல்றதைத்தான் திருப்பிக் கத்துவாங்க. நான் பசங்களுக்குக் கைகாட்டிடுவேன். மகா ஞானி சார் அவர்."

தனுஷ்கோடியின் கை காதுக்குப் போனது. கேலரியில் மூன்று விதமாகக் கத்தினார்கள்.

"இன்னிக்கு வரல போலிருக்கு," என்றார் பயிற்சியாளர். அவர் குரலில் உண்மையான கவலை இருந்தது. "வயசானவர் குரல் மாதிரிதான் இருக்கும். உடம்புக்கு ஏதாவதோ என்னவோ."

சிற்றம்பலம் கடலையைக் கைக்குள்ளேயே மூடிக்கொண்டார். வாயில் போட்டுக்கொள்ளவில்லை. வாயைத் திறந்தால் குரல் வெளியே வந்துவிடும்.

அன்று மடத்துக் கல்லூரி இரண்டு புள்ளியில் ஜெயித்தது.

இருட்டுவதற்கு முன் அவர் குருவின் முன் நின்றார்.

"அந்தப் பக்கம் வெயில் இருந்துதா?"

"இல்லம்மா."

"ஜெயிச்சுட்டோமாமே. தனுஷ்கோடி எதை மாத்தினார்?"

"ஒண்ணையும் மாத்தலம்மா. அதே துண்டு. அதே காது."

"சரி. அவரை என்ன செய்யட்டும்?"



"இருக்கட்டும்மா. அவர் இருக்கட்டும்."

"உங்க ஆளுங்க வந்து ஏன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

சுவருக்கு அந்தப் பக்கம் லூர்துவும் இப்ராகிமும் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. ஜெயித்த ஆட்டத்தில் தனுஷ்கோடி செய்த பிழைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் ஒப்புக்கொள்வதாகத் தெரியவில்லை.

சிற்றம்பலம் சற்று நேரம் அதைக் கேட்டார்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா. அவங்க இப்படியே பேசிக்கிட்டிருக்கட்டும்."

அடுத்த ஆட்டத்துக்கு அவர் பழையபடி கேலரிக்கே வந்தார். தனுஷ்கோடியின் துண்டு தோளுக்குப் போனது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"மாமா, என்ன வருது?" என்றார் லூர்து.

"தெரியலப்பா."

"இந்தா, இப்ப காதுக்குக் கை போகுது பாருங்க."

"கொசு கடிச்சிருக்கும்."

லூர்து அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு தாமே எழுந்து நின்று, வலது மூலை என்று ஊருக்கே கேட்கும்படி அறிவித்தார்.

ஆட்டம் தெரிந்தவர் உட்கார்வதற்கென்று முதல் வரிசையில் கைப்பிடி வைத்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடுவது கொற்றையூர் கேலரியின் வழக்கம். மார்கழி பிறப்பதற்குள் அதைச் சிற்றம்பலத்திடமிருந்து எடுத்து லூர்துவுக்குக் கொடுத்துவிட்டார்கள்.